உயிரோடு இருக்கிற மனைவி கதைக்கு ஆகாது

— ஆறாயிரத்து நானூத்தி இருவது. எடுத்து வைங்க சார், நான் கிளம்புறேன்.

— மீதி ஐநூத்தி எண்பதுன்னுல்ல எனக்கு ஞாபகம்? பயிற்சிக் கட்டணம் ஏழாயிரம். நீங்க சொல்ற தொகை ஏற்கெனவே வந்தாச்சே. நீங்க பாக்கி கட்ட வந்திருக்கீங்களா? எந்த மாணவர் வீட்லேர்ந்து?

— கட்ட வரல. வாங்க வந்திருக்கேன். சிமெண்ட் கிடங்குல மூட்டை தூக்குறாரே, கண்ணாடின்னு கூப்பிடுவாங்களே, ஞாயித்துக்கிழமையானா உங்ககிட்ட கதை எழுதப் படிக்க வர்றாரே, அவரு சம்சாரம்.

— அவரு மனைவியா? இல்லையே. அவரு மனைவி...

— சொல்லுங்க சார். வாய் வரைக்கும் வந்துருச்சு, எதுக்கு முழுங்குறீங்க.

— இறந்துட்டாங்களே.

— ஆமா. அவதான் வந்திருக்கேன். உங்க மாடிப்படி ரொம்ப செங்குத்து, செத்தவளுக்கே மூச்சு வாங்குது. உட்காரலாமா?

— அந்தக் கட்டு மேல வேணாம்மா, அது போன வருஷ இதழ், சரியும். இதுல உட்காருங்க. இது அதுக்கும் முந்தின வருஷம், நல்லா அமுங்கியிருக்கும்.

— விக்காததெல்லாம் நாற்காலி ஆயிருச்சா?

— இலக்கியம் மெதுவாத்தான் போகும்மா.

— நாற்காலியா இருந்தா எங்கேர்ந்து போகும்.

— சரி, விஷயத்துக்கு வாங்க. இறந்துட்டாங்கன்னு நான் சொன்னது கதையில. கதை வேற, வாழ்க்கை வேற. உங்களை உயிரோட பார்க்கிறதுல எனக்கு மகிழ்ச்சிதான்.

— உங்களுக்கு மகிழ்ச்சி. கிடங்குல யாருக்கும் இல்ல. அங்க நூத்தி எண்பது பேரு எனக்காக அழுது முடிச்சுட்டாங்க. கேளுங்க சார். உங்க பத்திரிகையில அவரு கதை வந்துச்சா? பக்கத்துலயே அவரு போட்டோ. கீழ, 'சிமெண்ட் கிடங்கில் சுமை தூக்கும் தொழிலாளி'ன்னு ஒரு வரி. சங்கச் செயலாளருக்குத் தலைகால் புரியல, நம்ம ஆளு அச்சுல வந்துட்டான்னு. ஷிப்ட் மாறுற நேரத்துல, ஊர்வலத்துக்கு வெச்சிருக்கிற ஒலிபெருக்கியை எடுத்து, முழுசா படிச்சுக் காட்டியிருக்காரு. 'என் மனைவி போன மழைக்காலத்தில் இறந்தாள். இன்று மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தேன். காலியாக இருந்தது. மூடி வைத்தேன்.' முடிஞ்சுது. நூத்தி எண்பது பேரும் தலையில கட்டின துண்டை அவுத்துட்டாங்க.

— துண்டை அவுத்தாங்களா!

— சந்தோஷப்படாதீங்க சார்.

— இல்ல இல்ல. ஒரு வாசகன் அப்படிச் செய்யணும்னுதான் முப்பது வருஷமா... சரி, அப்புறம்?

— அப்புறம் என்ன, வசூல். தராசுக் குமாஸ்தாவுலேர்ந்து வாசல் காவக்காரர் வரைக்கும் போட்டிருக்காங்க. கவர்ல வெச்சு, மேல 'ஆழ்ந்த அனுதாபங்கள்'னு எழுதி, அவரு முதுகுல மூட்டை இருக்கிறப்போ சட்டைப் பையில சொருகிட்டாங்க. ரெண்டு கையும் மூட்டையைப் பிடிச்சிருக்கு. எப்படித் தடுப்பாரு?

— மூட்டையை இறக்கினப்புறம் சொல்லியிருக்கலாமே.

— சொன்னாரே. எப்படிச் சொன்னாரு? நீங்க பழக்கிவிட்ட மாதிரி சொன்னாரு. மூணு வார்த்தைக்கு மேல பேசினா கதை செத்துடும்னு பழக்கியிருக்கீங்கல்ல. 'அவ வீட்லதான் இருக்கா'ன்னு சொல்லியிருக்காரு. அவ்வளவுதான். சொல்லிட்டு சுவத்தைப் பார்த்திருக்காரு. மேஸ்திரி அவரைக் கட்டிப்பிடிச்சு, 'ஆமாடா, எங்கயும் போக மாட்டாடா'ன்னு ஓன்னு அழுதிருக்காரு. அழுதவுடனே இன்னொரு வசூல்.

— 'அவ வீட்லதான் இருக்கா.' அடடா. இதை ஒரு ஓரமா குறிச்சுக்கட்டுமா?

— பேனாவைக் கீழ வைங்க சார்.

— வெச்சுட்டேன்.

— முன்னெல்லாம் அந்த மனுஷன் ஒரு பஸ்ஸை விட்டுட்டா, அதை ஒரு மணி நேரம் சொல்வாரு. கண்டக்டர் என்ன சொன்னான், பக்கத்துல நின்ன கிழவர் என்ன சொன்னாரு, எல்லாம் வரும். இப்ப வர்றாரு, 'பஸ் போச்சு'ங்கிறாரு, மேல ஃபேனைப் பார்க்கிறாரு. 'ஏன் போச்சு, எப்படிப் போச்சு'ன்னு கேட்டா, 'அதை நீயே புரிஞ்சுக்கணும்'ங்கிறாரு. நான் எதைச் சார் புரிஞ்சுக்க? நான் காலையிலேர்ந்து நின்னுக்கிட்டே இஸ்திரி போட்டுட்டு வர்றவ. ஆயத்த ஆடைக் கம்பெனியில நாளைக்கு நானூறு காலர் என் கை வழியா போகுது. வீட்டுக்கு வந்தா ஒரு முழு வாக்கியம் கேட்கணும் எனக்கு.

— அது பயிற்சி நல்லா ஏறியிருக்குன்னு அர்த்தம்.

— ஏறிடுச்சு. இறக்குறதுக்கு என்ன கட்டணம்?

— அம்மா, நீங்க கோவத்துல இருக்கீங்க. பணம் வந்தது எனக்குத் தெரியாம இல்ல. கவரைக் கொண்டுவந்து இந்த மேசை மேல வெச்சாரு. மேல 'ஆழ்ந்த அனுதாபங்கள்'னு இருந்துச்சு. பயிற்சிக் கட்டணத்துக்கு இதைவிட நல்ல தலைப்பு யாரும் வெச்சதில்லன்னு நானும் சிரிச்சேன்.

— அதைக் கீழ போடவும் முடியல, திருப்பிக் குடுக்கவும் வாய் வரல. நான் உயிரோட உட்கார்ந்திருக்கிற வீட்டுக்குள்ள என் சாவுக் காசைக் கொண்டுவரவும் அவருக்கு மனசு வரல. அதான் இங்க கொண்டாந்து தலைமுழுகிட்டாரு. எனக்கு எப்படித் தெரியும்னு கேளுங்க.

— எப்படித் தெரியும்?

— டிபன் பாக்ஸ் திறக்காமலே திரும்பி வருது. 'பசிக்கல'ங்கிறாரு. பொண்டாட்டி இல்லாத மனுஷன் என்ன சாப்பிடுவான்னு கிடங்குல ஆளுக்கு ஒரு கை சோறு அவருக்குக் குடுத்து, மனுஷன் நாலு கிலோ ஏறிட்டாரு. எனக்கு சந்தேகம் வராதா? எவ ஊட்டி விடுறான்னு நினைச்சேன். அப்புறம் எனக்குப் பக்கத்து மேசையில இஸ்திரி போடுறவ இந்தப் பத்திரிகையைக் கொண்டாந்து காட்டினா. எனக்குப் படிக்க வராது. அவதான் படிச்சா. படிச்சு முடிச்சதும் மேசை வரிசையில இருக்கிறவ எல்லாரும் வந்து என்னைத் தொட்டுப் பார்த்தாங்க. ஒருத்தி கிள்ளியே பார்த்தா.

— எழுத்தோட வலிமை அது.

— கிள்ளினதோட வலிமை. இங்க பாருங்க, இன்னும் சிவந்திருக்கு. சார், நாளைக்கு சாயங்காலம் சங்கத்துல எனக்கு இரங்கல் கூட்டம். செயலாளர் பேசுறாரு. ரெண்டு நிமிஷம் எல்லாரும் எழுந்து நின்னு பேசாம இருப்பாங்களாம். மௌனம் மௌனம்னு உயிரை விடுவீங்கல்ல, அதேதான். அதுக்கு முன்னாடி இந்தப் பணம் என் கைக்கு வரணும். நானே போய் மேடையில வெச்சு, 'இந்தாங்க உங்க காசு, நான் சாகல, இவரு ஏமாத்துக்காரரும் இல்ல'ன்னு சொல்லணும். பணம் இல்லாம போய் நின்னா, பொண்டாட்டி செத்துட்டான்னு பொய் சொல்லிக் காசு பறிச்சவன்னு ஆயிடும். மூட்டை தூக்குறவனுக்கு என்ன இருக்கு சார், பக்கத்து ஆளு கை குடுத்துத் தூக்கி விட்டாத்தான் மூட்டை முதுகுல ஏறும். ஒருத்தன் கை குடுக்க மாட்டேன்னுட்டா, அன்னியோட வேலை போச்சு.

— புரியுது.

— இன்னொண்ணும் புரிஞ்சுக்கங்க. தராசுக் குமாஸ்தா தன் மச்சினிக்கு அவரைப் பார்த்திருக்காராம். ஆறு மாசம் போகட்டும்னு பெருந்தன்மையா சொல்லியிருக்காரு.

— இது நிஜமாவே நாவல்மா.

— உங்களுக்கு எல்லாம் நாவல். போன மாசம் புஸ்தக வெளியீட்டுக்கு வந்தேனே, ஞாபகம் இருக்கா? உங்ககிட்ட படிச்சவங்க புஸ்தகம் ஏழோ எட்டோ ஒண்ணா வெளியிட்டீங்க. கடைசி பெஞ்சுல எழுத்தாளருங்க வீட்டுப் பொம்பளைங்களை உட்கார வெச்சு பிஸ்கட் குடுத்தாங்க. பக்கத்துல இருந்தது பஸ் டிரைவர் சம்சாரம். 'உங்க வீட்டுக்காரர் கதையில என்ன வருது'ன்னு கேட்டேன். 'நான் காய்ச்சல்ல போயிடுறேன்'னுச்சு. அடுத்தது மருந்துக் கடைக்காரர் சம்சாரம், அது ஆத்துல. வரி ஆபீஸ் குமாஸ்தா சம்சாரம் ரெண்டு தடவை, சிறுகதையில ஒரு தடவை, நாவல்ல ஒரு தடவை. 'முதல் தடவை பரவாயில்ல, ரெண்டாவதுக்கு ஒரு பட்டுப் புடவை வாங்கிட்டேன்'னுச்சு. ஒரு பெஞ்சு நிறைய செத்தவங்க சார், பிஸ்கட் தின்னுட்டு. நர்சம்மா ஒருத்தங்க எழுதுறாங்களே, அவங்களுக்குக் கொல்றதுக்குப் பொண்டாட்டி இல்ல. பாவம், தன்னையே கொன்னுக்கிட்டாங்க. அன்னிக்கு நான் சிரிச்ச சிரிப்புக்கு மேடையிலேர்ந்து நீங்க திரும்பிப் பார்த்தீங்க.

— அந்தப் புத்தகங்கள்ல மூணு பரிசு வாங்கியிருக்கு. அதையும் சொல்லுங்க.

— பரிசு குடுத்தவங்க மூணு பேரும் இங்க படிச்சவங்கதானே?

— தகுதி உள்ளவங்க எங்க படிச்சிருந்தா என்ன?

— அவங்க சம்சாரங்க எப்படி இருக்காங்க?

— இப்படி நக்கல் பண்ணா எப்படிம்மா. நான் சொல்றதைக் கொஞ்சம் காது குடுத்துக் கேளுங்க. உயிரோட இருக்கிற மனைவி கதைக்கு ஆகாது. இது நான் வகுப்புல முதல் நாளே சொல்றது. ஏன்னு கேளுங்க. ஒருத்தன் கதையில வீட்டை விட்டுக் கிளம்புறான். மனைவி இருந்தா வாசல்ல நின்னு, 'எங்க போறீங்க, எப்ப வருவீங்க, வர்றப்போ சோப்பு வாங்கிட்டு வாங்க'ன்னு சொல்வா. அவன் பதில் சொல்லணும். கதை அங்கயே படுத்துடும். மனைவி இறந்துட்டான்னு வைங்க. ஒரு சீப்பு இருக்கும். பாதி தேய்ஞ்ச சோப்பு இருக்கும். அவன் அதைப் பார்ப்பான். ஒண்ணும் சொல்ல மாட்டான். அங்க மௌனம் வருது. மௌனம் வந்தா வாசகன் வர்றான்.

— சீப்பு பேசலாம். சோப்பு பேசலாம். நான் பேசக் கூடாது.

— கதைன்னு வந்துட்டா...

— ஒளிச்சு மறைக்காம சொல்லுங்க சார். என்னைக் கொன்னது நீங்கதானே?

— கொன்னதுன்னு சொல்லாதீங்க. அது ஒரு திருத்தம்.

— நீங்கதானே?

— ஆமா. என் முடிவுதான். இந்த முப்பது வருஷத்துல வந்த எந்த நல்ல கதையை எடுத்துக்கிட்டாலும் அதுல என் கத்தரி பட்டிருக்கும். அதை நான் மறைக்கிறதே இல்ல. உங்க வீட்டுக்காரர் கதையிலயும் பட்டிருக்கு.

— அப்ப அந்தச் சிரிப்பை வெட்டினதும் நீங்கதான்.

— எந்தச் சிரிப்பு?

— பார்த்தீங்களா, வெட்டிப் போட்டதுகூட ஞாபகம் இல்ல. கேளுங்க. அவருக்கு எழுத்து வந்ததே நாப்பத்தொரு வயசுல. சங்கத்து ராத்திரி வகுப்புல. எங்க பஸ் ஸ்டாப்புக்கு எதிர்ல பெரிய போர்டு ஒண்ணு உண்டு. அதுல ஒரு ஆளு, கறாரா மீசை, ஒரு கை மேல தூக்கியிருக்கும். பெரிய தலைவர்னு நினைச்சு, கல்யாணம் ஆன நாளா அவரு தினம் அதுக்கு ஒரு சலாம் வெச்சுட்டுத்தான் பஸ் ஏறுவாரு. நல்ல மனுஷன் மூஞ்சின்னு எனக்கும் சொல்வாரு. எழுத்து வந்தப்புறம் ஒரு நாள் காலையில, நான் பக்கத்துல நிக்கிறேன், எழுத்துக் கூட்டிப் படிக்கிறாரு. படிச்சுட்டு அப்படியே நிக்கிறாரு. என்னன்னு கேட்டேன். 'முடி கொட்டுதான்னு போட்டிருக்கு'ங்கிறாரு.

— ம்.

— கை தூக்கியிருக்கே, அது தலையில எண்ணெய் தேய்க்கிற கை சார்! பத்தொன்பது வருஷம் எண்ணெய்க்காரனுக்கு சலாம் போட்டிருக்காரு! நான் நடைபாதையிலயே உட்கார்ந்துட்டேன். சிரிச்சு சிரிச்சு பஸ்ஸு போயிடுச்சு, அடுத்த பஸ்ஸும் போயிடுச்சு. முதல்ல அவருக்குக் கோவம். அப்புறம் அவரும் உட்கார்ந்தாரு. அன்னிக்கு ரெண்டு பேருக்கும் அரை நாள் கூலி வெட்டு. அதைத்தான் எழுதினாரு. எழுதி முடிச்சதும் எனக்குப் படிச்சுக் காட்டினாரு. நான் உட்கார்ந்தது, செருப்பு கழண்டது, எல்லாம் இருந்துச்சு. 'இவள் சிரிப்பதைப் பார்ப்பதற்காகவே நான் இன்னும் பத்தொன்பது வருடம் படிக்காமல் இருந்திருக்கலாம்'னு ஒரு வரி வந்துச்சு. அதை... யாரு சார் உள்ள சிரிக்கிறது?

— டீச்சர்! வெளிய ஆள் இருக்காங்க.

— இருக்கட்டும். எண்ணெய் தேய்க்கிற கைன்னதும் என்னால முடியல. நீ உட்காரும்மா, எழுந்துக்காத. நான் இவரு சம்சாரம். ஸ்கூல்ல வேலை பார்த்து ஓய்வு வாங்கினதால எல்லாரும் டீச்சர்னே கூப்பிடுறாங்க, இவரும் அப்படியே பழகிட்டாரு. கதவுக்கு அந்தப் பக்கம்தான் என் டைப் மேசை. எல்லாம் கேட்டுச்சு.

— நீங்க உயிரோட இருக்கீங்களா டீச்சர்?

— ஏன் அப்படிக் கேக்குற?

— இல்ல, சாரோட நாவல்ல அவரு சம்சாரம் ரயில்ல அடிபட்டுப் போயிடுவாங்கன்னு எங்க வீட்டுக்காரர் சொன்னாரு. கண்ணீர் விட்டாரு.

— நான் போய் முப்பத்திரெண்டு வருஷம் ஆச்சு. நாலு பதிப்பு வந்துருச்சு. அது வெளிவந்த அன்னிக்கு, காய்கறி நறுக்கிட்டு இருந்த என்கிட்ட ஒரு பிரதியைக் குடுத்து, 'உனக்குத்தான் சமர்ப்பணம்'னாரு. பிரிச்சுப் பார்த்தா, 'அவள் நினைவுக்கு'ன்னு போட்டிருந்துச்சு.

— டீச்சர், அது ஒரு படைப்பு...

— சும்மா இருங்க. எனக்கெல்லாம் யாரும் வசூல் பண்ணலம்மா. உனக்குப் பரவாயில்ல, ஆறாயிரத்து சொச்சம்.

— டீச்சர், அந்தப் பணம் இப்ப எங்க இருக்கு?

— எங்க இருக்கும்? உன் கதை வந்த இதழுக்கு அச்சுக்கூலி பாக்கி இருந்துச்சு. கீழ அச்சகத்துக்காரர் படி ஏறி வந்து நின்னாரு. அந்தக் கவரை அப்படியே எடுத்துக் குடுத்தாரு இவரு. பிரிக்கக்கூட இல்ல.

— அப்படின்னா, என் சாவை அச்சடிச்ச கூலிக்கு என் சாவுக் காசே போயிருக்கு.

— கணக்கு சரியாத்தான் சொல்ற.

— இதுல நான் என்ன பண்ண முடியும்? பத்திரிகைன்னா அப்படித்தான். ஒரு பக்கம் வரும், ஒரு பக்கம் போகும். அடுத்த மாசம் நாலு பேரு கட்டணம் கட்டுவாங்க...

— அடுத்த மாசம் நாலு பொண்டாட்டிங்க சாகிற வரைக்கும் நான் காத்திருக்கணுமா சார்? கூட்டம் நாளைக்கு.

— இரும்மா. நான் உள்ள போயிட்டு வரேன்.

— டீச்சர், எங்க போறே? பென்ஷன் பணத்தைத் தொடாதே. காகிதத்துக்கு வெச்சிருக்கோம். டீச்சர்!

— சார், ஒண்ணு கேக்கவா? அந்தச் சிரிச்ச பக்கம், வெட்டினீங்களே, அது எங்கயாவது கிடக்குமா? உங்களுக்குக் குப்பைதானே. குடுத்தா எடுத்துட்டுப் போறேன். படிக்க வராட்டியும் இருக்கட்டும். பக்கத்து மேசைக்காரியை விட்டு மறுபடி ஒரு தடவை படிக்கச் சொல்வேன்.

— அதெல்லாம்... தேடணும்மா. வெட்டினது எல்லாம் வெச்சிருக்கிறதில்ல.

— பத்திரிகை வந்தப்புறம் அவரு எனக்குப் படிச்சுக் காட்டவே இல்ல சார். மடிச்சு பீரோ மேல வெச்சுட்டாரு. என்னைச் சாகடிக்கச் சொல்லி நீங்க கேட்டப்போ ஒரு வார்த்தை மறுத்துப் பேசினாரா? அதை மட்டும் சொல்லுங்க. அழுதாரா, சண்டை போட்டாரா?

— கொஞ்சம்... வருத்தப்பட்டாரு.

— அவ்வளவுதானா.

— இந்தாம்மா. ஆறாயிரத்து ஐநூறு. எண்பது ரூபா சில்லறை இருந்தா குடு, இல்லாட்டி வேணாம்.

— இருக்கு டீச்சர். பஸ்ஸுக்கு வெச்சது. இந்தாங்க.

— நடந்து போவியா?

— நான் செத்தவதானே, களைப்பு தெரியாது.

— டீச்சர், அப்ப கட்டணம் ஏழாயிரமும் பாக்கின்னு ஆயிடுச்சு. அதை யாரு...

— அதை அடிச்சுடுங்க.

— எப்படி அடிக்கிறது? ஒருத்தருக்கு அடிச்சா...

— முப்பத்திரெண்டு வருஷமா எல்லாத்தையும் அடிச்சுட்டுத்தானே இருக்கீங்க, இதையும் அடிங்க. அடிச்சுட்டு, இந்தப் பொண்ணுகிட்ட உண்மையைச் சொல்லுங்க.

— என்ன உண்மை?

— நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா? அவ வீட்டுக்காரன் மேல அவளுக்கு ஒரு எண்ணம் வருது பாருங்க, நீங்க கேட்டீங்க, அவன் தலையாட்டினான்னு. உங்க பெருமைக்காக அவ அப்படி நினைச்சுட்டுப் போகணுமா?

— அதை இப்ப எதுக்கு... சரி. அம்மா, பாருங்க. அந்தக் கதையை நான் தொடல.

— எந்தக் கதையை?

— உங்க வீட்டுக்காரர் கதையை. ஒரு காற்புள்ளிகூட மாத்தல. முப்பது வருஷத்துல கத்தரி படாம அச்சுக்குப் போன ஒரே கதை அது. வெட்ட ஒண்ணும் இல்லாம பேனாவைப் பிடிச்சுட்டு ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். எனக்கு வேற வேலையே இல்லாத மாதிரி இருந்துச்சு. கோவமாகூட வந்துச்சு.

— நீங்க கொல்லலையா? இப்பதானே உங்க முடிவுன்னீங்க.

— யாராவது 'நீங்கதான் பண்ணீங்க'ன்னு சொன்னா, இல்லைன்னு சொல்லி எனக்குப் பழக்கம் இல்ல. அது வர்றப்பவே நீங்க இறந்துதாம்மா இருந்தீங்க. அதனாலதான் வாசல்ல உங்களைப் பார்த்ததும்... நான் நிஜம்னே நினைச்சுட்டிருந்தேன். ஒரு தடவை தோளைத் தட்டி ஆறுதல்கூட சொன்னேன். அவரு ஃபேனைப் பார்த்தாரு.

— டீச்சர், இவரு சொல்றது...

— நிஜம்மா. நான்தான் டைப் அடிச்சேன். அவரு கையெழுத்து, கோடு போட்ட தாள்ல, குண்டு குண்டா. மழைக்காலம், டிபன் பாக்ஸ், மூடி வைத்தேன். அவ்வளவுதான் வந்துச்சு. போர்டும் இல்ல, எண்ணெய்க்காரனும் இல்ல. அதான் நீ சொன்னப்போ எனக்குப் புதுசா இருந்துச்சு.

— ஆக, என்னைக் கொன்னது அவரேதான்.

— இங்க என்ன எடுபடும்னு மாணவங்களுக்கு இப்ப தெரிஞ்சு போச்சும்மா. வர்றப்பவே கொன்னுட்டுத்தான் வர்றாங்க. நான் சொல்லணும்னு அவசியமே இல்ல. இதைத்தான் விமர்சகருங்க என் பாதிப்புன்னு எழுதுறாங்க.

— நீங்க சும்மா இருங்க. பாரும்மா, என்னைப் பாரு. உனக்குப் படிச்சுக் காட்டினாருன்னியே, எப்படிப் படிச்சாரு?

— எப்படின்னா? கையில தாளைப் பிடிச்சுக்கிட்டு. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு. கொஞ்சம் படிப்பாரு, நிப்பாரு. என் மூஞ்சியைப் பார்ப்பாரு. மறுபடி தாளைப் பார்ப்பாரு, படிப்பாரு. எழுத்துக் கூட்டுறாரு, அதான் நேரம் ஆகுதுன்னு நான் நினைச்சேன்.

— இங்க வகுப்புல அவரு தடங்கல் இல்லாம படிப்பாரும்மா. ரெண்டு வருஷமா. எல்லாரையும்விட வேகமா.

— எழுத்துக் கூட்டலையா?

— கூட்டல.

— அப்ப நின்னு நின்னு என்னைப் பார்த்தது?

— நீயே சொல்லு.

— தாள்ல நான் செத்துக் கிடந்திருக்கேன். அந்த மனுஷன் அதைக் கையில பிடிச்சுக்கிட்டு, என் மூஞ்சியைப் பார்த்துப் பார்த்து... செருப்பு கழண்டது, பஸ்ஸு போனது, அந்த வரி, எல்லாம்... எங்கயும் எழுதவே இல்லையா டீச்சர்?

— எழுதல. அப்பப்போ வந்ததை அப்பப்போ உனக்குச் சொல்லியிருக்காரு.

— ஒரு ராத்திரி இல்ல டீச்சர், ரெண்டு ராத்திரி படிச்சாரு. ரெண்டாவது ராத்திரி நான்தான் மறுபடி கேட்டேன். செருப்பு இடது கால்தான்னு திருத்தினேன். அடுத்த வரியிலயே இடது கால்னு வந்துச்சு. தாள்ல எப்படி அதுக்குள்ள மாறுச்சுன்னு நான் யோசிக்கவே இல்ல பாருங்க.

— அம்மா, ஒரு நிமிஷம். அந்தக் கதையை எழுதித் தரச் சொல்லுங்க. அப்படியே. போர்டு, எண்ணெய், செருப்பு, எல்லாம் இருக்கட்டும். நான் சத்தியமா ஒரு வரி தொட மாட்டேன். ஏழாயிரத்தையும் இப்பவே அடிச்சுடுறேன், இதோ பாருங்க, அடிச்சுட்டேன். இனிமே வர்றதுக்கும் கட்டணம் வேணாம். நீங்க உயிரோடயே இருங்க. அடுத்த இதழ்ல முதல் பக்கம்.

— அது ஆகாது சார். உங்களுக்கு வேண்டியவளை அவரு அனுப்பிட்டாரு. இவ அவருக்கு வேண்டியவ.